ஆர்ட் பிளேக்கி: வாசிப்புக்காரரா, வாத்தியாரா?

கடைசிபெஞ்ச்

நான்கு நாளாக வீட்டில் ஒரே இசைத்தட்டுதான் ஓடுகிறது. அமெரிக்க ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியும் அவருடைய பாண்டு ஜாஸ் மெசெஞ்சர்ஸும் வாசித்த 'மோனின்'. 1958 அக்டோபர் 30 அன்று நியூ ஜெர்ஸியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் பதிவானது. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தாரே, அங்கேதான். பியானோ ஒரு வரி சொல்லும், டிரம்பெட்டும் சாக்சபோனும் சேர்ந்து 'ஆமென்' என்பதுபோல் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். தூங்கும்போதும் காதில் அதுவே கேட்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளேக்கியைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் பத்தியிலேயே அவரிடம் வாசித்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. கிளிஃபர்ட் பிரவுன், லீ மார்கன், வேய்ன் ஷார்ட்டர், ஃபிரெடி ஹப்பர்ட், கீத் ஜாரெட், விண்டன் மார்சாலிஸ் என்று நீளும். 'பிளேக்கி பள்ளிக்கூடம்' என்று ஒரு பட்டமும் உண்டு. எல்லாம் சரி, வாத்தியார் எப்படி வாசித்தார் என்று யாருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவர் உண்மையிலேயே பெரிய டிரம்மரா? இல்லை, நல்ல பையன்களைப் பார்த்துப் பொறுக்கத் தெரிந்த முதலாளியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாளக்கிறுக்கன்

கேள்வியே தப்பு என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் பல வருடம் நானும் இதே கேள்வியோடு சுற்றியவன், அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். அதே 'மோனின்' பாட்டை ஹெட்போனில் போட்டு டிரம்பெட்டை மறந்துவிட்டு ஹை-ஹாட்டை மட்டும் கேளுங்கள். இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, இடது காலால் மிதித்து மூடுவது. இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் 'சக்' என்று விழும். எல்லா ஜாஸ் டிரம்மரும் செய்வதுதான். ஆனால் பிளேக்கி மிதித்தால் கதவை ஓங்கிச் சாத்திய மாதிரி இருக்கும். தாளம் எங்கே இருக்கிறது என்று பாண்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்ற கறார்.

அடுத்தது பிரஸ் ரோல். இரண்டு குச்சியையும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் தோலில் அழுத்தி, அடிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே உறுமலாக வரவைப்பது. மெதுவாகத் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே வந்து கடைசியில் சிம்பலில் போய் உடையும். எந்த டிரம்ஸ் பள்ளியிலும் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவதுதான், இதில் ஒரு ரகசியமும் இல்லை. அவர் அதை எங்கே வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாக்சபோன்காரர் ஒரு சுற்று வாசித்து முடிக்கப் போகிறார், இன்னும் இரண்டு பார்தான் (நான்கு அடி கொண்ட தாளக் கட்டு ஒரு பார்) பாக்கி. அந்த இடத்தில் கீழேயிருந்து அந்த உறுமல் கிளம்பும். அடுத்த சுற்றின் முதல் அடியில் 'டமார்'. வாசிக்கிறவர் சும்மா நின்றால் அசிங்கமாகிவிடும். மேலே ஏறித்தான் ஆகவேண்டும், வேறு வழி இல்லை.

இதை என் கற்பனை என்று நினைக்காதீர்கள். சாக்சபோன்காரர் பென்னி கோல்சன் பல பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. 1958-இல் அவர் மெசெஞ்சர்ஸில் புதிதாகச் சேர்ந்த சமயம். மனிதர் மென்மையான வாசிப்புக்காரர், அப்படியே இழைத்து இழைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பிளேக்கி ஒரு பிரஸ் ரோலை எழுப்பினார், அது போய்க்கொண்டே இருந்தது. கோல்சனுக்குத் தன் சாக்சபோனே காதில் விழவில்லை. ஊமைக்கூத்து மாதிரி விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றியதாம். அப்புறம் பிளேக்கி எல்லோர் முன்னிலையிலும் கத்தினார்: அந்தப் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வா! கோல்சனும் யோசித்துப் பார்த்தார், தான் உண்மையிலேயே ஒரு பள்ளத்துக்குள்தான் இருந்திருக்கிறோம் என்று புரிந்ததாம்.

பாடம் நடத்தியதே குச்சிதான் ஐயா. இதில் வாசிப்பு எது, வாத்தியார் வேலை எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

நாலாம்_நம்பர்_வீடு

கோல்சன் கதை பிரமாதம். ஆனால் வாசிப்புத் திறமையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் டிரம்மர் பட்டி ரிச் முன்னால் பிளேக்கி நிற்க முடியாது. கை வேகம், சுத்தம், ஒற்றைக் கையால் உருட்டுவது, எதை எடுத்தாலும் ரிச்தான். ரிச்சும் பாண்டுத் தலைவர்தான், அவரும் இளைஞர்களை வைத்துத்தான் ஓட்டினார். அப்படியிருக்க ஏன் பிளேக்கிக்கு மட்டும் இந்த வாத்தியார் பட்டம்?

தாளக்கிறுக்கன்

வேகத்தில் ரிச்சுக்கு ஈடு யாரும் இல்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இரண்டு வயதுக்கு முன்பே மேடை ஏறியவர் அவர், வேறு பிறவி.

பாண்டு நடத்திய விதத்தைப் பாருங்கள். ரிச் தன் ஆட்களைப் பேருந்தில் வைத்துத் திட்டியதைப் பியானோக்காரர் ரகசியமாகப் பதிவு செய்துவைத்தார். அந்த ஒலிநாடாக்கள் இசைக்கலைஞர்களுக்குள் கைமாறிக் கைமாறி உலகம் முழுக்கப் போய்விட்டன. கச்சேரி முடிந்தபின் பேருந்தில் நடந்தது அது. பிளேக்கி அதே கண்டிப்பைக் கச்சேரி நடக்கும்போதே காட்டினார், அதையும் தாளத்துக்குள்ளேயே. திட்டு வாங்கியவருக்கு அடுத்த நொடியே திருத்திக்கொள்ள வாய்ப்பும் கிடைத்தது. என்னைக் கேட்டால் நான் எந்த பாண்டில் சேர்வேன் என்று சொல்லத் தேவையில்லை.

நாலாம்_நம்பர்_வீடு

அந்தப் பேருந்து நாடாவைக் கேட்டுச் சிரிக்காத டிரம்மர் உண்டா? சரி, ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

மலர்விழி_77

வாழ்க்கைக் கதையை யாரும் தொடவில்லையே. பிறந்தது 1919 அக்டோபர் 11, பிட்ஸ்பர்க். எஃகு ஆலை ஊர். குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், வளர்த்தது வேறு குடும்பம். சிறுவயதிலேயே ஆலை வேலை, பதினைந்து வயதுக்குள் கல்யாணம். அப்புறம் இரவு விடுதியில் பியானோ. ஆமாம், ஆரம்பத்தில் அவர் பியானோக்காரர்!

டிரம்ஸுக்கு மாறிய கதையை அவரே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். விடுதிக்கு ஒரு சின்னப் பையன் வந்தானாம். சுரம் படிக்கத் தெரியாது, ஆனால் எதைக் கேட்டாலும் அப்படியே வாசிப்பான். அவன்தான் எரோல் கார்னர். விடுதி முதலாளி துப்பாக்கியைக் காட்டி, இனி பியானோ அவனுக்கு, நீ போய் டிரம்ஸில் உட்கார் என்றாராம்.

அந்த ஒரே ஊரிலிருந்து கென்னி கிளார்க், ராய் எல்ட்ரிட்ஜ், பில்லி எக்ஸ்டைன் என்று எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள் பாருங்கள். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது.

சும்மாஇரு

துப்பாக்கிக் கதையை நம்புகிறீர்களா அக்கா?

மலர்விழி_77

பாதி. துப்பாக்கி இருந்ததோ இல்லையோ, கார்னர் வாசிப்பதைக் கேட்ட எவரும் தானாகவே பியானோவை விட்டு எழுந்திருப்பார்கள். பிளேக்கி பெரிய கதைசொல்லி, சொல்லச் சொல்லத் துப்பாக்கி பெரிதாகிக்கொண்டே போயிருக்கும்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது. 1943 வாக்கில் ஃபிளெட்சர் ஹென்டர்சன் பாண்டோடு தெற்கு மாநிலங்களில் சுற்றியபோது, ஜார்ஜியாவில் போலீஸ் அவரை அடித்த அடியில் மண்டையில் எஃகுத் தகடு வைக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இரண்டாம் உலகப் போருக்கு அவரை எடுக்கவில்லை என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்த வருடம் பில்லி எக்ஸ்டைனின் பெரிய பாண்டில் சேர்ந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், டெக்ஸ்டர் கார்டன், பாட்டுக்கு சாரா வாகன் எல்லோரும் அங்கே வந்து போனவர்கள். பீபாப் என்ற புது வாசிப்பு பெரிய பாண்டுக்குள் நுழைந்த இடம் அது. 1947 வரை அங்கேதான் இருந்தார். பின்னாளில் பாண்டு நடத்தும் வித்தையை எங்கே கற்றார் என்று தேடினால் நான் எக்ஸ்டைனைத்தான் கைகாட்டுவேன்.

கடைசிபெஞ்ச்

ஆப்பிரிக்காவுக்குப் போனது எப்போது? அங்கே போய் டிரம்ஸ் கற்று வந்தார் என்று படித்தேன்.

மலர்விழி_77

எக்ஸ்டைன் பாண்டு கலைந்த பிறகு, நாற்பதுகளின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கா போனார். ஆனால் போனது டிரம்ஸுக்காக இல்லை, மதத்தையும் தத்துவத்தையும் தெரிந்துகொள்ளப் போனேன் என்றுதான் அவர் பிற்பாடு சொல்லிவந்தார். இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்னு புஹைனா என்று பெயர் வைத்துக்கொண்டார். பாண்டுப் பையன்கள் அவரை 'பு' என்று கூப்பிட்டது அதிலிருந்து வந்தது. 'புஹைனா'ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டின் பெயரும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஜாஸுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சம்பந்தமே இல்லை, இது அமெரிக்கக் கறுப்பர்களின் இசை என்று வாய் ஓயாமல் வாதாடிய அதே மனிதர், 1957-இல் லத்தீன் டிரம்மர்களையும் ஜாஸ் டிரம்மர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து 'ஆர்ஜி இன் ரிதம்' பதிவு செய்தார். 1962-இல் 'தி ஆஃப்ரிகன் பீட்' செய்தார். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று சொல்லும். நான் கையைத்தான் நம்புவேன்.

தாளக்கிறுக்கன்

அக்கா சொன்னதற்கு ஒரு சின்னப் பின்குறிப்பு. பிளேக்கி டாம் என்ற டிரம்மில் முழங்கையை ஊன்றித் தோலை அழுத்திக்கொண்டே மறு கையால் அடிப்பார். சத்தம் 'தும்ம்ம்' என்று மேலே வழுக்கிக்கொண்டு போகும். பேசுகிற மாதிரியே இருக்கும். 'எ நைட் இன் டுனிஷியா'வின் 1960 பதிவில் இதையெல்லாம் தெளிவாகக் கேட்கலாம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வீட்டுச் சுவர் அதிர்ந்தால் நான் பொறுப்பில்லை.

வடக்குவாசல்

நீங்கள் எல்லோரும் பூமாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். ஹெராயின்.

ஜாஸ் மெசெஞ்சர்ஸ் தொடக்கத்தில் பிளேக்கியின் சொந்தக் கம்பெனி இல்லை. பியானோக்காரர் ஹோரஸ் சில்வர், ஹேங்க் மோப்லி, கென்னி டோரம், டக் வாட்கின்ஸ் எல்லோரும் கூட்டாகச் சேர்ந்த அமைப்பு. 1956-இல் சில்வர் வெளியேறினார். பாண்டில் போதைப் பழக்கம், ஊர் ஊராகப் பின்னால் வரும் போலீஸ், இதில் அலுத்துப்போய்த்தான் விலகினேன் என்று அவர் பின்னாளில் எழுதினார். பெயர் பிளேக்கியிடம் தங்கிவிட்டது. அவரே பல வருடம் அந்தப் பழக்கத்தில் இருந்தவர். அவர் பாண்டில் சேர்ந்த இருபது வயதுப் பையன்கள் சிலருக்கும் அது ஒட்டியது. லீ மார்கன் பாதிக்கப்பட்டார், பியானோக்காரர் பாபி டிம்மன்ஸ் குடியில் கரைந்து 38 வயதில் செத்தார். 'மோனின்' எழுதியவர் அந்த டிம்மன்ஸ்தான். பள்ளிக்கூடம் என்றால் இதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாளக்கிறுக்கன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொன்னது உண்மை. அந்தத் தலைமுறையே அதில் விழுந்தது, சார்லி பார்க்கரைப் பார்த்து விழுந்தது என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் தலைவனுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. மறுக்க மாட்டேன்.

மலர்விழி_77

நானும் ஒன்று சேர்க்கிறேன், இதுவும் பூமாலை இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பாண்டில் நிரந்தரமாக இருந்த பெண் ஒரே ஒருவர், பியானோ ஜோஆன் பிராக்கீன். அதுவும் 1969-லிருந்து 1972 வரை.

பஞ்சுமிட்டாய்

அனுபவசாலிகளே, நான் புதுசு. ஜாஸில் 'அ' தெரியாது. பிளேக்கியை எங்கே தொடங்குவது? தயவுசெய்து இருபது பெயர் தராதீர்கள்.

தாளக்கிறுக்கன்

ஒன்று: 'எ நைட் அட் பேர்ட்லேண்ட்', நியூ யார்க்கில் பேர்ட்லேண்ட் என்ற ஜாஸ் விடுதியில் 1954 பிப்ரவரி 21 அன்று பதிவானது. டிரம்பெட்டில் 23 வயது கிளிஃபர்ட் பிரவுன். இரண்டே வருடத்தில் கார் விபத்தில் போய்விட்டார். ஆரம்பத்தில் அறிவிப்பாளர் பீ வீ மார்க்கெட் கீச்சுக்குரலில் எல்லோர் பெயரையும் வாசிப்பார். டிப்ஸ் தராத வித்வான்களின் பெயரை வேண்டுமென்றே தப்பாக உச்சரிப்பாராம், அந்தக் காலத்தில் அது பிரசித்தம். அதே மேடையில் பிளேக்கி மைக்கைப் பிடித்து, நான் இளைஞர்களோடுதான் இருக்கப் போகிறேன், இவர்களுக்கு வயதாகிவிட்டால் இன்னும் சின்னவர்களைப் பிடிப்பேன், மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று சொல்வதும் இசைத்தட்டிலேயே இருக்கிறது. அப்போது அவருக்கே 34 வயதுதான்! சொன்னதைச் சாகும்வரை செய்தார்.

நாலாம்_நம்பர்_வீடு

புதுசு என்கிறார், அவரிடம் போய்ப் பேர்ட்லேண்டா? அந்த வேகத்தில் ஓடிவிடுவார். 'மோனின்'தான் வாசல்.

தாளக்கிறுக்கன்

வாசல் வழியாகத்தான் வரவேண்டுமா, மொட்டைமாடி வழியாகவும் வரலாம்.

வடக்குவாசல்

'மோனின்' என்றே நானும் சொல்வேன். அதற்குப் பின்னால் கோல்சனின் கை இருப்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். டிம்மன்ஸ், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சும்மா விரல் போக்கில் அந்த எட்டு பாரை வாசித்துக்கொண்டிருப்பார். இதை ஏன் முழுப் பாட்டாக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, நடுப்பகுதியை எழுத வைத்தவர் கோல்சன். பிளேக்கியை வைத்து அணிவகுப்புத் தாளத்தில் ஒரு ப்ளூஸ் செய்யலாம் என்று சொன்னவரும் அவரே. ஜாஸில் அணிவகுப்பா என்று முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. பட்டாளத்து அணிவகுப்பு இல்லை, தெற்கே கறுப்பர் கல்லூரி பாண்டுகள் ஆடிக்கொண்டு வருமே, அந்த நடை என்று விளக்கினார். அதே இசைத்தட்டில் இருக்கும் 'ப்ளூஸ் மார்ச்' அதுதான். நல்ல தலைவருக்கு அழகு, யோசனை சொல்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. கசப்பாகப் பேசினேன் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

பிளேக்கி தவிர அன்று அந்த அறையில் வாசித்த நால்வருமே ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். அக்டோபர் 30 கிளிஃபர்ட் பிரவுன் பிறந்த நாள் என்பது கூடுதல் செய்தி.

நிலாமதி_டோக்கியோ

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இங்கே ஜப்பானில் பிளேக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் அறுபது வயது தாண்டியவர்கள் முகம் மாறும். 1961 ஜனவரியில் மெசெஞ்சர்ஸ் முதல் தடவை இங்கு வந்தார்கள். நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் சைக்கிளில் போகும்போது 'மோனின்' முணுமுணுத்துக்கொண்டு போவான் என்று அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு. சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதை ஜப்பானில் கிடைத்ததைப் பிளேக்கி மறக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வந்தார்.

அந்த வருகைகளின் தடம் அவர்கள் இசையிலும் உண்டு. 1963 ஜூனில் பேர்ட்லேண்டில் பதிவான 'உகெட்சு' இசைத்தட்டில் வேய்ன் ஷார்ட்டர் எழுதிய 'ஆன் த கின்சா' இருக்கிறது. தலைப்புப் பாட்டு சீடர் வால்டன் எழுதியது. அதை அறிமுகம் செய்யும்போது பிளேக்கி, உகெட்சு என்றால் ஜப்பானிய மொழியில் கற்பனை உலகம் என்று பொருள் சொல்கிறார். இல்லை சாமி! எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மழையும் நிலவும். மழையால் மறைந்த நிலா. ஆனால் அவர் தவறாகச் சொன்னதைத் திருத்த எனக்கே மனம் வரவில்லை, அவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்.

என் அலுவலகத்துக்குப் பின் சந்தில் ஒரு ஜாஸ் காப்பிக்கடை இருக்கிறது. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, பத்து நாற்காலி. பேசக் கூடாது என்று பலகை. ஒரு மழை நாளில் கடைக்காரப் பெரியவர் அந்த இசைத்தட்டைப் போட்டார். நான் தவறி 'ஆஹா' என்று சொல்லிவிட்டேன். முறைத்தார். அப்புறம் ஒலியைக் கூட்டினார்.

பஞ்சுமிட்டாய்

நான் முடிவு செய்துவிட்டேன், முதலில் இந்த மழை நிலா.

சும்மாஇரு

நூறு பேர் சண்டை போட்டாலும் புதுசாக வந்தவர் அவர் இஷ்டத்துக்குத்தான் போவார். இதுதான் சரி.

வடக்குவாசல்

ஷார்ட்டர், ஹப்பர்ட், கர்டிஸ் ஃபுல்லர் மூவரும் முன்வரிசையில் நின்ற 1961-64 அணிதான் என் கணக்கில் உச்சம். அந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1961 மே 14 அன்று, பேருந்துகளில் நிறப் பிரிவினையை எதிர்த்துப் போன ஃபிரீடம் ரைடர்ஸின் பேருந்து அலபாமாவில் ஆனிஸ்டன் அருகே கொளுத்தப்பட்டது. அதே மாதம் 27-ஆம் தேதி பிளேக்கி ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஏழு நிமிடத்துக்கு மேல் டிரம்ஸ் மட்டும் வாசித்தார். பெயர் 'தி ஃபிரீடம் ரைடர்'. ஒரு வார்த்தை இல்லை, ஒரு சுரம் இல்லை.

1964 பிப்ரவரியில் 'ஃபிரீ ஃபார் ஆல்'. அதில் ஹப்பர்ட் எழுதிய 'தி கோர்' இன சமத்துவ காங்கிரஸ் என்ற அமைப்புக்காக எழுதப்பட்டது. தலைப்புப் பாட்டில் ஷார்ட்டர் வாசிக்கும்போது பின்னால் பிளேக்கி அடிக்கிற அடியைக் கேட்டால், கோல்சன் சொன்ன பள்ளம் என்ன, அந்தத் தெருவே காணாமல் போய்விடும். அந்த வருடமே ஷார்ட்டரை டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் தன் பாண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

கடைசிபெஞ்ச்

ஒவ்வொரு முறையும் நல்ல ஆள் போய்விட்டால் கஷ்டமாக இருந்திருக்காதா? மறுபடி முதலிலிருந்து ஒரு பையனைப் பிடித்து...

தாளக்கிறுக்கன்

பட்டறை என்றால் அப்படித்தானே. வேலை பழகியவன் தனியாகக் கடை போடுவான். பழைய பாட்டுகள் அதேதான், புதுப் பையன் வந்து அதே 'மோனின்', அதே 'ப்ளூஸ் மார்ச்' வாசிக்க வேண்டும், கூடவே சொந்தமாகவும் எழுத வேண்டும். ஷார்ட்டருக்கும், பின்னால் எழுபதுகளின் கடைசியில் பாபி வாட்சனுக்கும் இசை இயக்குநர் பொறுப்பையே கொடுத்துவிட்டார். பிளேக்கி அதிகம் பாட்டு எழுதுகிறவர் இல்லை. யார் எழுதினாலும் அவர் அடித்தால் மெசெஞ்சர்ஸ் பாட்டாகிவிடும்.

எழுபதுகள்தான் வறட்சி. ராக் பக்கம், மின்சார வாத்தியங்கள் பக்கம் எல்லோரும் ஓடினார்கள், பணமும் அங்கேதான் இருந்தது. இவர் அதே ஐந்தாறு பேர், அதே மரப் பாஸ் என்று விடுதி விடுதியாகச் சுற்றினார். நடுவில் 1971-72-இல் கில்லெஸ்பி, பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் இவர்களோடு 'ஜயன்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' சுற்றுப்பயணம். 1971 நவம்பரில் லண்டனில் மங்க் தன் பெயரில் ஸ்டுடியோவில் செய்த கடைசி ஒலிப்பதிவுகளிலும் டிரம்ஸ் இவர்தான். 1947-இல் மங்க் முதன்முதலாகப் புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தபோதும் இவரே. முதலிலும் அருகில் இருந்தார், முடிவிலும் இருந்தார். மங்கின் அந்த இடைவெளிகளை நிரப்பாமல் விட்டுவைக்கத் தெரிந்த டிரம்மர். சத்தக்காரர் என்று சொல்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

1980-இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து 18 வயது விண்டன் மார்சாலிஸ் வந்தார். மறுபடி வெளிச்சம். விண்டன் போகும்போது தன் ஊர்க்காரர் டெரன்ஸ் பிளான்சர்டைக் கைகாட்டிவிட்டுப் போனார். ஸ்பைக் லீ படங்களுக்கு இசை போட்டாரே, அவர்தான். 'நியூ யார்க் சீன்' இசைத்தட்டுக்கு கிராமி கிடைத்தது பிளான்சர்ட் அங்கே இருந்த காலத்தில்.

மலர்விழி_77

கடைசிக் காலத்தில் காது கேட்காது, தெரியுமா? கேட்கும் கருவி வைத்தால் தாளம் பிசகுகிறது என்று கழற்றிவிடுவாராம். மேடை அதிர்வை வைத்தே வாசித்தார் என்பார்கள். 70 வயது நிறைந்ததை ஒட்டி 1989 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் பழைய மாணவர்கள் கூடினார்கள். கோல்சன், ஷார்ட்டர், ஹப்பர்ட் எல்லோரும் வந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில்கூட இளைஞர்களோடு ஒரு இசைத்தட்டு. 1990 அக்டோபர் 16 அன்று நியூ யார்க்கில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். எழுபத்தொன்று முடிந்து ஐந்தே நாள்.

கடைசிபெஞ்ச்

என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் தாளக்கிறுக்கன் சொன்ன அந்த பிரஸ் ரோலைக் கண்ணால் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பவன், இதை முதலில் சொல்லவில்லை, கூச்சம்.

தாளக்கிறுக்கன்

அட, சக டிரம்மரா! பழைய கச்சேரி வீடியோ நிறைய இருக்கிறது, 1958 கடைசியில் அவர்கள் ஐரோப்பாவில் வாசித்ததைத் தேடிப் பாருங்கள். மணிக்கட்டைக் கவனியுங்கள், தோளைப் பார்க்காதீர்கள். குச்சியைத் தோலில் அழுத்தும்போது இறுக்கிப் பிடிக்காதீர்கள், தானாகத் துள்ள விடுங்கள். முதலில் சத்தமே வராமல் தொடங்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் சொதப்புவார்கள்.

கடைசிபெஞ்ச்

பதினோரு நாள் கழித்து வருகிறேன். தலையணையில் பழகினேன், அப்புறம் ஸ்நேரில். நேற்று ஆராதனையில் மூன்றாவது பாட்டு. கீபோர்டு வாசிக்கும் தம்பி ரொம்ப நல்லவன், ஆனால் எப்போதும் யாருக்கும் தொந்தரவு தராமல் ஓரமாகவே வாசிப்பான். கடைசிச் சரணத்துக்கு முன்னால் இடைவாசிப்பு அவனுடையது. இரண்டு பார் இருக்கும்போது மெதுவாக உருட்டத் தொடங்கினேன். கொஞ்சம் சீக்கிரமாகவே பெரிதாகிவிட்டது, கை நடுங்கியது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். சிம்பலை அடித்தேன்.

இதுவரை அவன் தொடாத மேல் சுரத்துக்குப் போனான். பாடகர் குழுவில் இரண்டு அக்காமார்கள் கை தட்டிவிட்டார்கள், எங்கள் சர்ச்சில் அது வழக்கம் இல்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டு, மூன்றாவது பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரமும் மூன்றாவது பாட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, தாளில் பார்த்துவிட்டேன்.

தாளக்கிறுக்கன்

நான்கு பார் முன்னாலேயே தொடங்குங்கள்.